இடது பக்கத்துப் பெட்டி

ஜூன் 9, ஞாயிறு

சளி ஒரு வழியாக இறங்கிவிட்டது. ஒரு காது மட்டும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. தானாகப் போய்விடும். பூசைக்குப் போகவில்லை. டெல்பின் போய் எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு வந்தாளாம். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் எனக்குப் பதிலாக அவள் செய்யாதது முகச்சவரம் ஒன்றுதான்.

மதியம் ரெமிஜியுஸ் அண்ணன் லோடு ஆட்டோவில் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். இங்கிலாந்தில் செய்த பழைய ஜோடி. அவருடைய அப்பா துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்தவர். ஏதோ ஒரு கேப்டன் பழக்கத்துக்காகக் கொடுத்துவிட்டுப் போனானாம். வெளியே தேக்கு இன்னும் மினுங்குகிறது. உள்ளே கரப்பான் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது.

"கஸ்பாரு, மாதா கோயில் கொடியேத்தத்துக்குள்ள பாட வச்சிரு. துபாயிலேர்ந்து மகன் வாரான்," என்றார்.

பாட வைப்பது பெரிய காரியமில்லை. இரண்டு பெட்டியையும் ஒரே மாதிரி பாட வைப்பதுதான் வேலை. துறைமுகப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் இந்த ஒன்றைத்தான் உருப்படியாகச் செய்கிறேன்.

ஜூன் 12, புதன்

பெட்டிகளைத் திறந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

உள்ளே கிராஸ்ஓவர் பலகை உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கிறது. பாட்டின் கனமான பாகத்தைப் பெரிய வூஃபருக்கும் மெல்லிய கூர்மையான பாகத்தைச் சிறிய ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுப்பது இந்தப் பலகைதான். இதிலிருந்த கண்டன்சர்கள் எல்லாம் காய்ந்துவிட்டன. கடையில் கிடைத்ததைப் போட்டு ஒட்டிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நல்ல சாவு வராது. பழைய சர்க்யூட் படத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதே அளவு, அதே இனம், இரண்டு பெட்டிக்கும் ஒன்றுபோல. இதுதான் என் சட்டம்.

ட்வீட்டர் இரண்டும் அசல். ஜோடி சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள். முதுகில் அடுத்தடுத்த எண். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

சாமான்கள் வந்து, ஈயம் வைத்து முடித்தாயிற்று. எப்போதும்போல் நம் கோயில் பாடற்குழு டேப்பைப் போட்டேன். பாதிரியார் கேட்டுக்கொண்டதற்காக நான் இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்தது. பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். இடது ஓரத்தில் டெல்பின் நிற்கிறாள். அப்போது அவள் குரல் மேலே போனால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் அப்புறம் வீட்டில் இருக்க முடியாது.

இன்று இடது பெட்டி மங்கல். டெல்பின் கம்பளிக்குள் இருந்து பாடுகிறாள். நாளை பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 18, செவ்வாய்

இடது, வலது ட்வீட்டர்களை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மங்கல் இடது பக்கமே நிற்கிறது. ஆகவே ட்வீட்டர் குற்றமில்லை. பலகையிலுள்ள கம்பிச் சுருள், காயிலாக இருக்கும்.

பெட்டிகளையே இடம் மாற்றி வைத்துப் பார்ப்பதுதான் முறை. முதுகு ஒத்துழைக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

காயிலும் மாற்றியாயிற்று. ஒரு பிரயோசனமும் இல்லை. அலுப்பாக இருக்கிறது.

வலது காதை இடது பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தால் மங்கிவிடுகிறது. அறைதான் சத்தத்தைத் தின்கிறது என்று நினைக்கிறேன். இடது பக்கம் பீரோ இருக்கிறதே, அதில் நிறையச் சேலை.

நான் பெட்டியோடு தலையை ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில் டெல்பின் கதவருகே வந்து நின்றிருக்கிறாள். நிமிர்ந்தபோது சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள். ஏதோ தேடி வந்தாள் போல. கொஞ்சம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். சாப்பாட்டில் முகம் சரியில்லை. சொதியில் உப்பே இல்லை. கேட்டால் வம்பு வரும் என்று பேசாமல் சாப்பிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

பீரோவை நகர்த்தினேன். பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டு நகர்த்த வைத்தேன் என்பதே சரி. மங்கல் போகவில்லை.

காய்கறி வாங்கப் போன இடத்தில் பைக்கில் ஒருத்தன் இடது பக்கமிருந்து உரசிக்கொண்டு வந்து, "பெரியவரே, காது கேக்காதா?" என்றான். ஹாரன் அடிக்கத் துப்பில்லை, வாய் மட்டும் இருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

மீட்டர் வைத்து அளந்தேன். இரண்டு பெட்டியும் ஒன்றுபோல இருக்கிறது என்கிறது மீட்டர். மீட்டருக்குப் பாட்டுக் கேட்கத் தெரியாது.

டெல்பின் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனாள். நான் வைத்தால் தெருவுக்கே கேட்கிறதாம்.

ஜூலை 1, திங்கள்

தண்ணீர் மோட்டார் கெட்டுவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டது. மனிதனுக்கு எல்லாம் ஒரே நாளில்தான் வரும்.

ரெமிஜியுஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். டேப்பைப் போட்டுக் காட்டி, "இடது மங்குது பாத்தீங்களா?" என்றேன்.

கண்ணை மூடிக் கேட்டார். "ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு, கஸ்பாரு. உன் பொண்டாட்டி சத்தம் மணி மாதிரி கேக்குதே."

நல்ல மனிதர், கேள்வி ஞானம் கிடையாது. காசிருந்தால் இங்கிலாந்துப் பெட்டி கிடைக்கும், காது கிடைக்காது.

ஜூலை 4, வியாழன்

டெல்பின் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை. அடுப்படியில் நிற்பாள், வருவாள், போவாள். ஒருநாளும் ஓயாத வாய். என்ன கோபம் என்று தெரியவில்லை. பழைய துணியெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பி வைத்திருக்கிறாள். யாருக்காவது கொடுக்கப் போகிறாளாக்கும்.

முதுகு தேவலை. பெட்டிகளை இடம் மாற்றிப் பார்த்திருக்கலாம். இன்று வெயில் அதிகம்.

ஜூலை 8, திங்கள்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து டெல்பின் சொன்னாள்: "பத்தொம்பதாம் தேதி முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு. மருமகன் அனுப்பிட்டாரு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வேற யாரு இருக்கா?"

எங்கள் மகள் பிரின்சி சென்னையில் வேலைக்குத் திரும்புகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள டெல்பின் போய் அங்கேயே இருக்கப் போகிறாளாம். ஒரு வருடமோ இரண்டு வருடமோ, பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டேன்லா."

"எப்ப கேட்ட?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "விடுங்க. கேட்டதும் போதும், நீங்க பதில் சொன்னதும் போதும்," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பச்சைப் பொய். மாதா சத்தியமாக என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா? அதனால்தான் கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

மாதா கோயில் திருநாளுக்கு இந்த ஊர்க்காரன் எந்தத் தேசத்தில் இருந்தாலும் வந்து சேர்வான். ஊரே உள்ளே வரும் நேரத்தில் இவள் வெளியே போகிறாள். பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பெண்கள் அதையே கேட்டார்கள். டெல்பின் சிரித்துச் சமாளித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

நானும் வீம்புக்கு ஒன்றும் கேட்கவில்லை. போகட்டும்.

ஜூலை 19, வெள்ளி

ரயிலேற்றிவிட்டு வந்தேன். பெரிய அரக்கு சூட்கேஸ். எங்கள் கல்யாணத்துக்கு வாங்கியது; கையில் தூக்கினால் தோள் இறங்கிவிடும். நாலு நாள் ஊருக்குப் போகிறவள் எடுக்கிற சூட்கேஸ் இல்லை அது.

பிளாட்பாரத்தில் சத்தம். ஜன்னல் வழியாக என்னவோ சொன்னாள். தலையாட்டி வைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

வீடு அநியாயத்துக்கு அமைதி. பழைய சோறும் ஊறுகாயும்.

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன். ட்வீட்டருக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டன்ஸ் உண்டு. அதன் கூர்மையை அடக்கி வைப்பது அதுதான். படத்திலுள்ள அளவை விட்டுவிட்டு இடது பெட்டியில் மட்டும் பாதி அளவு போட்டேன். போதவில்லை. பிறகு அதை அடியோடு எடுத்துவிட்டு நேராக ஒயரை வைத்து ஈயம் வைத்தேன்.

இப்போதுதான் இரண்டும் சமம். டெல்பின் இடது பக்கமிருந்து தெளிவாகப் பாடுகிறாள். சட்டம் மீறினால் என்ன, காதுக்குச் சரியாக இருந்தால் போதாதா. மனதுக்குத்தான் சரியாக இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

ரெமிஜியுஸ் அண்ணன் ஊரில் இல்லை. ஆள் விட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டார். அறை காலியாகக் கிடக்கிறது. பீரோவைப் பழைய இடத்துக்கு நகர்த்த ஆளில்லை.

ஜூலை 26, வெள்ளி

கொடியேற்றம். கூட்டத்தில் நின்றேன். பக்கத்தில் எப்போதும் நிற்கிறவள் இல்லை. வேட்டுப் போட்டார்கள், புறாக்கள் எழும்பின. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 27, சனி

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதுகிறேன்.

காலையிலேயே ரெமிஜியுஸ் அண்ணன் பெட்டிகளோடு வந்தார். கோபப்படத் தெரியாத மனிதர், தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்கிடாத. இந்த இடது பெட்டி காதக் கிழிக்குதுடே. மகன் ரெண்டு பாட்டுக்கு மேல உக்கார மாட்டேங்கான். நீ முதல்ல போட்டுக் காமிச்ச அன்னைக்கு நல்லாத்தான இருந்துச்சு?"

பெட்டிகளை வைத்து டேப்பைப் போட்டேன். உட்கார்ந்து கேட்டேன். எனக்குச் சமமாகத்தான் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தேன். டெல்பின் குரல் மேலே போகிற இடத்தில் அவர் கண்ணைச் சுருக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடிக்கத் தெரியாதவர் அவர்.

பெட்டிகளைத் தூக்கி மாற்ற வேண்டிய தேவையே இல்லை. அது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நாற்காலியைத் திருப்பிப் போட்டால் போதும். முதுகுவலி, வெயில், பீரோ என்று நான் எழுதி வைத்ததெல்லாம் இந்த நாற்காலியைத் திருப்பாமல் இருக்கத்தான்.

எழுந்து திருப்பிப் போட்டேன். பெட்டிகளுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"என்னடே, செவரப் பாத்து உக்காருத?" என்றார்.

இப்போது இடது பெட்டி என் வலது காதுப் பக்கம். டெல்பின் கத்தினாள். பாட்டு இல்லை அது, கூச்சல். என் மண்டைக்குள் இறங்கியது. அந்த நல்ல குரலை நான்தான் அப்படிக் கத்த வைத்திருக்கிறேன். ஆண்கள் குரல் இடது பக்கம் போய்த் தலையணைக்குள் முனகியது.

பெட்டி சரி. பலகை சரி. மீட்டர் சரி.

டேப்பை நிறுத்தச் சொன்னேன். அவர் வந்து என் தோளில் கை வைத்தார். இடது பக்கமாக நின்று ஏதோ சொன்னார் போல. வாய் அசைவதுதான் தெரிந்தது. நான் அழுதேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் அழுதேன்.

பிறகுதான், அன்று டெல்பின் வந்து நின்ற கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன்.

ஜூலை 29, திங்கள்

ரெமிஜியுஸ் அண்ணன் காது டாக்டரிடம் கூட்டிப் போனார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் மாட்டி விட்டார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காது முறை வந்தபோது வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் பெண் சின்ன வயது. "சளியோடவே நரம்பும் அடிபட்டிருக்குங்க ஐயா. வந்த வாரமே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். இப்ப மிஷின் வச்சுக்கலாம், ஆனா பழைய மாதிரி வராது."

இனி இரண்டு பெட்டிகளை நானே ஜோடி பார்க்க முடியாது. போனது போனதுதான். வரும் வழியில் ரெமிஜியுஸ் அண்ணன் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு இருவரும் தின்றோம்.

ஜூலை 30, செவ்வாய்

டெல்பினுக்குப் போன் செய்தேன். வழக்கம்போல வலது காதில். போனை இந்தக் காதுக்கு எப்போது மாற்றினேன் என்று நினைவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"அன்னைக்கு கதவுகிட்ட நின்னு என்ன கேட்ட?"

"என்னைக்கு?"

"சொதியில உப்பில்லாத அன்னைக்கு."

"உப்பில்லன்னா அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?"

"நீ கேட்டதச் சொல்லு."

"இப்ப எதுக்கு அது? பிரின்சி வந்து இருக்கச் சொல்லுதா, நான் போகட்டான்னு கேட்டேன். நீங்க போகாதன்னு சொன்னா போக மாட்டேன்னு சொன்னேன். ரெண்டு மட்டம் கேட்டேன். நீங்க அந்தப் பெட்டிய விட்டு மூஞ்சியத் திருப்பல." குரல் உடைந்தது. "ரயில்ல வச்சும் கேட்டேன். இப்பவாது சொல்லுங்க, எறங்கிருதேன்னேன். தலைய ஆட்டி அனுப்பி வச்சீங்க."

"போகாத," என்றேன்.

பதில் இல்லை. வலது காதில்தான் போன் இருந்தது. ஆகவே இது அவள் நிஜமாகவே பேசாமல் இருக்கிற அமைதி. ஒரு குழந்தை சிணுங்குவதும் குக்கர் விசில் அடிப்பதும் கேட்டன.

"போயி எறங்கி இத்தன நாளாச்சு. இப்ப வந்து போகாதங்கிறீங்க."

"கேள்வி இப்பத்தான காதுல விழுந்துச்சு."

"நக்கலு," என்று வைத்துவிட்டாள்.

காதைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் பரிதாபப்பட்டு வருவாள். அப்படி வர வேண்டாம். வந்தால் இந்தப் பதிலுக்காக வரட்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இடது பெட்டியில் ரெசிஸ்டன்ஸைப் பழைய படத்தில் உள்ள அளவிலேயே திரும்ப வைத்தேன். மீட்டரால் அளந்தேன். கேட்டுப் பார்க்கவில்லை. ரெமிஜியுஸ் அண்ணனை உட்கார வைத்து டேப்பைப் போட்டு, நான் கேட்பதற்குப் பதில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்பின் குரல் மேலே போன இடத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான்டே சரி," என்றார். கேள்வி ஞானம் இல்லாதவர் என்று எழுதியதை அடிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை, பயம்.

ஆகஸ்ட் 3, சனி

பிரின்சி பேசினாள். நாளைக் காலை திருநாளுக்கு வருகிறார்களாம். "எல்லாருமா?" என்றேன். "எல்லாருந்தான்ப்பா," என்றாள். அதற்கப்புறம் என்ன என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வீடு கூட்டினேன். பையன்களைக் கூப்பிட்டுப் பீரோவைப் பழைய இடத்தில் வைத்தேன். சாப்பாட்டு மேசையில் டெல்பின் நாற்காலியை என் வலது பக்கம் மாற்றிப் போட்டேன். அது அங்கே பார்க்க நன்றாகவே இல்லை. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ரயில் தாமதம். ஸ்டேஷன் முழுக்கத் திருநாள் கூட்டம். பிரின்சி இறங்கினாள், மருமகன் பிள்ளையோடு இறங்கினார், பைகள் இறங்கின. எல்லாம் நாலு நாள் பைகள். எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

கடைசியாக அந்தப் பெரிய அரக்கு சூட்கேஸ் வாசலில் தெரிந்தது. அதன் பின்னால் டெல்பின், மூச்சு வாங்க.

"பாத்துட்டே நிக்கீங்க? பிடிங்க."

பிடித்து இறக்கினேன். தோள் இறங்கிவிட்டது. துணி ஒன்றுகூட அங்கே விட்டுவிட்டு வரவில்லை போலிருக்கிறது. "பிள்ளைய யாரு பாப்பா?" என்று கேட்டேன். மருமகனின் அம்மா வருகிறாராம். இதை டெல்பின் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நடக்கத் தொடங்கினோம். வழக்கப்படி அவள் என் இடது பக்கம் வந்தாள். நாலடி வந்ததும் நின்றாள். கையிலிருந்த பையை மாற்றிக்கொண்டு, என் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்து சேர்ந்தாள்.

"டிக்கெட் புதன்கிழமையே எடுத்தாச்சு," என்றாள். "ரெமிஜியுஸ் அண்ணன் நேத்துதான் போன்ல சொன்னாரு. அத நெனச்சு வந்தேன்னு நெனைக்காதீங்க."

"சரி."

"என்ன சரி? ஒரு காது போனா கட்டுன பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லத் தெரியாதா? நான் ஒரு கிறுக்கச்சி, அந்த மரப்பெட்டி மேல பொறாமப்பட்டுக்கிட்டுக் கெடந்தேன்..."

அங்கே தொடங்கியவள் ஆட்டோவில், தெருமுனையில், வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றும்போது என்று விடாமல் திட்டினாள். ஆட்டோவிலும் நான்தான் இடது ஓரம். ஒரு சொல்கூடத் தவறவில்லை. சாவியைப் பூட்டில் வைத்துக்கொண்டு, திறக்காமல் கொஞ்ச நேரம் நின்று கேட்டேன்.